ஆங்கிலம் இல்லாததால்தான் கேம்பஸ் இன்டர்வியூவில் தோற்கிறார்களா?

2024 ஜூலை 6, வாசகர் ஒருவர் கேட்டது

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்த முதல் பேட்ச் இப்போது இறுதியாண்டு. இவர்கள் கேம்பஸ் இன்டர்வியூவில் தோற்றால் அதற்கு ஒரே காரணம் ஆங்கிலமாகத்தான் இருக்கும். ஆப்டிடியூட், கோடிங், ஆளுமை வளர்ச்சி என்று கல்லூரிகள் ஏகப்பட்டதை நடத்துவதை விட்டுவிட்டு மூன்றாம் ஆண்டு முழுக்க ஸ்போக்கன் இங்கிலீஷ் மட்டும் நடத்தினால் போதும். என் அக்கா மகன் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்புப் பொறியியல்) படிக்கிறான், 8.1 சிஜிபிஏ, நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். பிளேஸ்மென்ட் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் மறுத்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஜூலை 6, இரவு

நான் இருக்கிறேன். விழுப்புரம் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பிளேஸ்மென்ட் செல் வேலையும் தலையில் விழுந்து வருடக்கணக்காகிறது. மறுத்துத்தான் சொல்லப் போகிறேன்.

மாக் இன்டர்வியூவில், அதாவது பயிற்சிக்காக நடத்தும் மாதிரி நேர்காணலில், எதிரே உட்கார்ந்து பார்த்தால் தெரியும், பிள்ளைகள் முதல் கேள்வியில் விழுவதில்லை. "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்று சொல்லி முடிப்பதற்குள் கொட்டிவிடுகிறார்கள். "ஐ ஆம் ஹெய்லிங் ஃப்ரம் திண்டிவனம்", "மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் வொர்க்", "மை வீக்னஸ் இஸ் ஐ டிரஸ்ட் பீப்பிள் ஈசிலி". மொத்த வகுப்பும் எல்லாரையும் எளிதில் நம்பி ஏமாறுகிற வகுப்பு! இலக்கணப் பிழை கிடையாது, உச்சரிப்பும் பரவாயில்லை. விழுவது இரண்டாவது கேள்வியில். "ரெஸ்யூமேயில் ஐஓடி பயிற்சி எடுத்ததாகப் போட்டிருக்கிறாயே, எந்த போர்டு பயன்படுத்தினாய்?" அவ்வளவுதான், கண் மேலே போய்விடும். சரி, ஆங்கிலம்தான் தடுக்கிறது போல என்று அதையே தமிழில் கேட்பேன். தமிழிலும் அதே அமைதி. பதிலே இல்லாத இடத்தில் மொழியைக் குறை சொல்லி என்ன பண்ண?

ஜூலை 7

நேற்று எழுதியது பாதிதான். பயிற்சி என்ற பெயரில் நாம் கொடுப்பது எல்லாமே முதல் கேள்விக்கான பயிற்சி. உடை, கைகுலுக்கல், செல்ஃப் இன்ட்ரோ. வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் மைக்கைப் பிடித்து ஒரு அரங்கத்தையே சிரிக்கவைத்துவிட்டு மாலை போட்டுக்கொண்டு போவார். எந்த மாணவனுடைய ரெஸ்யூமேயையும் அவர் கையில் வாங்கிப் படித்திருக்க மாட்டார்.

நான் இப்போது செய்வது இதுதான். ரெஸ்யூமேயை வாங்கி, ஒவ்வொரு வரியின் மீதும் மூன்று கேள்வி கேட்பேன்: என்ன செய்தாய், ஏன் அப்படிச் செய்தாய், எங்கே சிக்கியது. மூன்றுக்கும் தாங்காத வரியை அங்கேயே பேனாவால் அடித்துவிடச் சொல்வேன். முதல் சுற்றில் இரண்டு பக்க ரெஸ்யூமே அரைப் பக்கமாகிவிடும். முகம் வாடும், வாடட்டும். அந்த அரைப் பக்கத்தில் இருப்பது முழுக்க அவனுடையது, எதைக் கேட்டாலும் பேசுவான்.

அதிகம் அடிபடுவது இரண்டு இடங்களில். ஒன்று, சான்றிதழ்கள். 2022 மார்ச் 1ஆம் தேதி தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் தொடங்கிய பிறகு எங்கள் பிள்ளைகள் எல்லாரிடமும் பட்டப்படிப்போடு சேர்ந்தே பயிற்சிச் சான்றிதழ்களும் இருக்கின்றன. திட்டத்தைக் குறை சொல்லவில்லை, அதில் கடைசியில் வரும் செயல்திட்டத்தைக் கையால் செய்து பார்த்தவன் இன்டர்வியூவில் அதை வைத்தே பத்து நிமிடம் ஓட்டுகிறான். வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு முடித்தவன்தான் மாட்டுகிறான்.

இரண்டாவது, இறுதியாண்டு புராஜெக்ட். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம், ஆனால் எல்லாருக்கும் தெரியும், பாதி புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது. "இலை நோயைப் படத்திலிருந்து கண்டறிதல், துல்லியம் 95 சதவீதம்" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். எத்தனை படங்கள்? ஆயிரம். அதில் நோய் உள்ளவை எத்தனை? ஐம்பது. சரிம்மா, அப்படியானால் நான் படத்தைப் பார்க்காமலேயே எல்லா இலையும் நல்ல இலை என்று சொன்னாலும் 950 சரியாக வருமே, உன் நிரல் என்ன கூடுதலாகச் செய்கிறது? கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அந்த ஐம்பதில் எத்தனையைப் பிடித்தது என்று எண்ணத் தொடங்கினாள். இன்டர்வியூ தயாரிப்பு என்று நான் சொல்வது அந்த எண்ணுகிற வேலையைத்தான்.

ஜூலை 7, கொஞ்சம் கழித்து

ஹாபி வரியை மறந்துவிட்டேன். "ரீடிங் புக்ஸ்" என்று போட்டவர்களிடம் கடைசியாகப் படித்த புத்தகம் கேட்டால் பாடப்புத்தகத்தின் பெயரைச் சொல்கிறார்கள். "கிரிக்கெட்" என்று போடத் தயங்குபவன் ஊர் டீமில் மூன்று வருடமாகப் பந்தல் போட்டு, ஸ்பான்சர் பிடித்து, கோப்பைப் போட்டி நடத்துகிறவன். டேய், அதை எழுதுடா!

ஜூலை 10

"நீங்கள் ஆங்கிலத்தை ரொம்ப லேசாக விடுகிறீர்கள், முதல் வடிகட்டியே பேச்சுத் தேர்வுதானே" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. வெர்சன்ட் மாதிரியான தேர்வுகளில் எதிரே ஆளே கிடையாது. ஹெட்போனில் ஒரு வாக்கியம் வரும், அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், வாக்கியம் போகப் போக நீளும். மூன்று துண்டுகளை மாற்றி மாற்றிச் சொல்வார்கள், சேர்த்து ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரு சின்னக் கதையைக் கேட்டு சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். மதிப்பெண் போடுவது இயந்திரம். இதில் தமிழ் வழிப் பிள்ளைகள் அடிபடுவது உண்மை, மறுக்கவில்லை.

ஆனால் அதற்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு மருந்தில்லை. வகுப்பில் அறுபது பேர், பேசுவது ஒருவர், அதுவும் பெரும்பாலும் ஆசிரியர். இந்தத் தேர்வுக்குத் தேவை காது. பத்துச் சொல் வாக்கியத்தைக் கேட்டு மனதில் நிறுத்தித் திருப்பிச் சொல்ல வேண்டும். ஹாஸ்டலில் இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவன் செய்தித்தாளிலிருந்து ஒரு வாக்கியம் படிக்க, மற்றவன் பார்க்காமல் சொல்ல, மொபைலில் பதிவு செய்து அவனே கேட்க வேண்டும். தன் குரலைத் தானே கேட்பது இருக்கிறதே, முதல் வாரம் எல்லாரும் வெட்கப்பட்டுச் சாகிறார்கள். அப்புறம் அவர்களே கண்டுபிடிக்கிறார்கள், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறோம் என்று.

இன்னொரு விஷயம், எங்கள் லேபில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், பக்கத்துச் சீட்டுக்காரன் குரல் இவன் மைக்கில் ஏறும். ஒரு சீட்டு விட்டு ஒரு சீட்டு உட்காரவைத்து, மைக் வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கும்படி சரிசெய்யச் சொன்ன பிறகு மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. ஆங்கிலம் அதேதான்.

ஜூலை 14

கோடிங் சுற்று பற்றிக் கேட்டிருந்தார்கள். ஐடி நிறுவனங்களில் முதலில் கேட்பதெல்லாம் பெரிய கேள்விகள் இல்லை. உதாரணத்துக்கு, ஒரு வரிசையில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடி. நம் பிள்ளை உடனே வரிசைப்படுத்தி, கடைசிக்கு முந்தையதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேனாவை மூடி வைப்பான். இன்டர்வியூ எடுப்பவர் 9, 4, 9, 7 என்று எழுதிக் காட்டுவார். வரிசைப்படுத்தினால் 4, 7, 9, 9. இவனுடைய விடை 9. வரவேண்டியது 7. இந்த இடத்தில்தான் இன்டர்வியூவே தொடங்குகிறது என்று நான் சொல்வேன். "ஐயோ தப்பு" என்று முகம் சுருங்குகிறவனும் உண்டு. "ஒரே எண் இரண்டு முறை வந்தால் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் சார்? எல்லா எண்ணும் ஒன்றாக இருந்தால் என்ன காட்டட்டும்?" என்று திருப்பிக் கேட்கிறவனும் உண்டு. இரண்டாமவன் அந்த நிரலை முடிக்காமல் போனாலும் தேறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நிரல் எழுதும்போது வாய்விட்டு யோசிக்கப் பழக்க வேண்டும். எங்கள் பள்ளிகளில் வாய்விட்டு யோசித்தால் வெளியே நிறுத்துவார்கள், பதினைந்து வருடப் பழக்கம், ஒரு செமஸ்டரில் போகாது. நான் தமிழிலேயே யோசிக்கச் சொல்கிறேன். "முதல்ல பெருசைக் கண்டுபிடிச்சுக்கறேன், அப்புறம் அதை விடச் சின்னதுல பெருசு" என்று சொல்லிக்கொண்டே எழுது. இரண்டு வாரம் கழித்து அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லு. யோசனை கையில் இருந்தால் ஆங்கிலம் உடைந்து வந்தாலும் எதிரே இருப்பவர் பொறுத்துக்கொள்கிறார்.

சோஹோ மென்பொருள் நிறுவனத்துக்கு எப்படித் தயார் செய்வது என்று தனியாகக் கேட்ட தம்பிக்கு: அங்கே பட்டத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, 2005 முதல் பள்ளி முடித்த பிள்ளைகளையும் டிப்ளமோ முடித்தவர்களையும் தாங்களே பயிற்சி கொடுத்து வேலையில் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் நிரல் எழுதத்தான் கேட்பார்கள். டாக்ஸி முன்பதிவு, ரயில் டிக்கெட் மாதிரி ஒரு சின்னச் செயலியை எழுதச் சொல்லி, பாதியில் நிபந்தனையை மாற்றுவார்கள். மனப்பாடம் செய்த நிரல் அங்கே தாங்காது.

ஜூலை 21

எல்லாரும் ஐடியே பேசுகிறீர்கள். மெக்கானிக்கல் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்து ஆலைகளுக்கு ட்ரெய்னி எடுக்க வருகிறவர்கள் வேறு மாதிரி. பலர் ஷாப் ஃப்ளோரிலிருந்து நேராக வருகிறவர்கள், செல்ஃப் இன்ட்ரோவைக் காது கொடுத்துக் கேட்பதே இல்லை. பையிலிருந்து விட்டம் அளக்கும் ஒரு வெர்னியரையும் ஒரு புஷ்ஷையும் (குழாய் மாதிரி நடுவில் துளையுள்ள உதிரிபாகம்) எடுத்து மேசை மேல் வைப்பார்கள். "உள்விட்டம் சொல்லு". நாலு வருடம் படித்த பையன் வெளிவிட்டம் அளக்கும் பெரிய தாடையை உள்ளே நுழைக்கப் பார்க்கிறான். லீஸ்ட் கவுன்ட், அதாவது அதில் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, எவ்வளவு என்று கேட்டால் 0.02 மில்லிமீட்டர் என்று டக்கென்று வரும். ஏன் 0.02 என்றால் வராது. 49 மில்லிமீட்டரை 50 பங்காகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு பங்கு 0.98, முதன்மை அளவுகோலின் ஒரு மில்லிமீட்டருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 0.02. இதற்கு ஆங்கிலம் எதற்கு?

போன வருடம் ஒரு பையன், பண்ருட்டி பக்கம். அப்பாவுக்கு லேத் பட்டறை, போர்வெல் மோட்டார் ஷாஃப்ட் வேலை. ரெஸ்யூமேயில் அதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. அப்பா தொழில் என்ற இடத்தில் "பிசினஸ்" என்று போட்டிருந்தான். ஏண்டா என்றேன், கௌரவமாக இருக்கட்டும் என்று போட்டேன் சார் என்றான். விடுமுறையெல்லாம் பட்டறையில்தான் நின்றிருக்கிறான். ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பாய் என்று சும்மா கேட்டேன். "ரெண்டு சென்டருக்கு நடுவுல கட்டிச் சுத்தவிட்டு டயல் கேஜ் வெச்சுப் பாப்போம் சார். அப்பா அதெல்லாம் இல்லாமயே சாக்பீஸைப் பக்கத்துல பிடிப்பார், மேடா இருக்கற பக்கம் மட்டும் கோடு விழும்." அதை அப்படியே எழுதவைத்தேன். இன்டர்வியூவில் அரைகுறை ஆங்கிலத்தில் தொடங்கியிருக்கிறான், எதிரே இருந்தவரே "தமிழ்லயே சொல்லுப்பா" என்று சொல்லி, லேத்தில் வேலைத்துண்டைப் பிடிக்கும் நாலு தாடை சக்கில் அதை எப்படி மையப்படுத்துவாய் என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறார். எடுத்துக்கொண்டார்கள்.

முதல் பட்டதாரிப் பிள்ளைகளில் நிறையப் பேரிடம் இப்படி ஒன்று இருக்கிறது. மாவு மில், நெல் கொள்முதல் கணக்கு, மாமா கடையில் மொபைல் ரிப்பேர். எல்லாவற்றையும் மறைத்துவிட்டு "ஐ ஆம் எ குயிக் லேர்னர்" என்று எழுதுகிறார்கள்.

ஜூலை 22

"இப்போது எல்லா இடத்திலும் டிஜிட்டல் வெர்னியர்தான், இன்னும் 0.02 கதை எதற்கு" என்கிறார் கீழே எழுதிய ஓசூர் வாசகர் ஒருவர். ஆலையில் சரி. ஆனால் பேட்டரி போன வெர்னியரை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாதே என்பதற்காகத்தான் பழையதைக் கொண்டுவருகிறார்கள் என்று அந்த மனிதர்களில் ஒருவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 4

ஜூலை 7இல் எழுதிய மூன்று கேள்வி முறைக்கு ஒரு பின்குறிப்பு. பிள்ளைகள் அதற்கும் குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்று கேள்விக்கும் பதில் எழுதி, பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸப் குழுவில் போட்டு, இப்போது நாலு பேர் ஒரே இடத்தில் "சிக்கினோம்" என்கிறார்கள். அதனால் இப்போது கேள்வி எழுதும் வேலையையும் அவர்களிடமே விட்டிருக்கிறேன். ஒருவன் ரெஸ்யூமேயைப் பக்கத்துத் துறைப் பையன் வாங்கி, புரியாத இடத்தில் கேள்வி போட வேண்டும். சிவில்காரன் சிஎஸ்இக்காரனிடம் "எபிஐ என்றால் என்னடா, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு" என்று கேட்பதைவிட நல்ல எச்ஆர் சுற்று கிடையாது.

இன்னொன்று, யாரும் இங்கே எழுதாதது. பெண் பிள்ளைகளின் இன்டர்வியூ பாதி வீட்டில் நடக்கிறது. "எங்கே போட்டாலும் போவீர்களா?" என்றால் "எனிவேர் இன் இந்தியா சார்" என்று சொல்லச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். ஆஃபர் வருகிறது, புனே என்று இருக்கிறது, வீட்டில் அப்பா முடியாது என்கிறார், அம்மா அழுகிறார். அடுத்த வருடம் அந்த நிறுவனம் எங்கள் கல்லூரிக்கு வரும்போது அதைச் சொல்லிக் காட்டுகிறது. இப்போது ஜூலையிலேயே பெற்றோரை அழைத்துவிடுகிறோம். என்ன வேலை, எந்த ஊர்களில் போட வாய்ப்பு, ஷிப்ட் எப்படி, ஹாஸ்டலுக்கு எவ்வளவு ஆகும், ஏற்கெனவே ஹைதராபாத்தில் இருக்கும் சீனியர் அக்கா போனில் பேசுவாள். பயிற்சி வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கச் சொன்னால் நிர்வாகத்தில் சிரிக்கிறார்கள். ஆனால் வீட்டில் பேசி முடித்துவிட்டு வந்த பெண் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற தொனியே வேறு. "சென்னை, பெங்களூரு உடனே முடியும், வேறு ஊர் என்றால் தங்குமிடம் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று நேராகச் சொன்னவளை யாரும் கழித்துவிடவில்லை.

"கல்யாணம் எப்போது?" என்று கேட்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குச் சாமர்த்தியமான பதில் சொல்லித்தரச் சொல்கிறார்கள் சிலர். நான் தர மாட்டேன். "வேலை சம்பந்தமாகக் கேளுங்கள் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வா, வெளியே வந்ததும் என்னிடம் சொல், கேட்ட ஆளிடம் பேசுவது என் வேலை. இதில் பிள்ளையைத் தயார் செய்ய ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 18

சம்பள விஷயம் வந்துவிட்டது, எப்படியும் வரும். காக்னிசன்ட் வருடத்துக்கு 2.52 லட்சம் என்று விளம்பரம் போட்டதை எல்லாரும் பகிர்ந்து திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது பொறியியல் அல்லாத மூன்று வருடப் பட்டதாரிகளுக்கு, பொறியியலுக்கு 4 லட்சத்திலிருந்து 12 லட்சம் வரை என்று நிறுவனம் விளக்கம் கொடுத்திருக்கிறது. பிஎஸ்சி, பிசிஏ பிள்ளைகளுக்கு அதுவும் குறைச்சல்தான், அது வேறு சண்டை. பெரிய ஐடி நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்கான சம்பளம் பத்துப் பதினைந்து வருடமாக மூன்றரை, நாலு லட்சத்தில் நிற்கிறது என்பதுதான் உண்மையான வயிற்றெரிச்சல்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது, நாலு லட்சம் என்றால் மாதம் 33,333 கைக்கு வராது. அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிஎஃப் நிறுவனத்தின் பங்கு, இன்னொரு 12 உன் பங்கு, கிராஜுவிட்டி, காப்பீடு, வருடக் கடைசியில் தருவதாகச் சொல்லும் ஒரு தொகை, எல்லாம் அந்த நாலு லட்சத்துக்குள் இருக்கும். இதை இன்டர்வியூவுக்கு முன்பே பலகையில் போட்டுக் காட்டிவிடுங்கள். "எவ்வளவு எதிர்பார்க்கிறாய்?" என்ற கேள்விக்கு "ஆஸ் பெர் கம்பெனி நார்ம்ஸ் சார்" என்பதைத் தாண்டி, கைக்கு எவ்வளவு வரும் என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்கவாவது தெரிய வேண்டும்.

பாண்டு, அதாவது இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம், பற்றி ஒரு வரி. கையெழுத்துப் போடும் முன் படி. ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலோ, பயிற்சிக் கட்டணம் கட்டு என்றாலோ எழுந்து வந்துவிடு. பெரிய நிறுவனங்கள் வேலைக்குப் பணம் வாங்குவதில்லை என்று தங்கள் தளத்திலேயே போட்டிருக்கின்றன.

ஆகஸ்ட் 25

மாக் இன்டர்வியூவை யார் எடுப்பது என்று ஒரு பேராசிரியை கேட்டிருந்தார். துறைத் தலைவர்கள் வேண்டாம். இன்டர்னல் மார்க் கையில் வைத்திருப்பவர் முன்னால் எவனும் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மாட்டான். எங்களிடம் நன்றாக வேலை செய்வது போன வருடம் வேலை கிடைத்துப் போனவர்கள். சனிக்கிழமை ஊருக்கு வரும்போது பிடித்து உட்கார வைக்கிறோம், டீயும் பஜ்ஜியும்தான் சம்பளம்.

எல்லாரிடமும் ஒரே ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் தனியாக மதிப்பெண், பேசி முடித்த உடனே போட வேண்டும். இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரே கேள்விகளை வரிசையாகக் கேட்டு மதிப்பிடும் நேர்காணல், வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிட ஆளைச் சரியாகக் கணிக்கிறது என்று வந்தது. 2022இல் சாக்கெட் என்பவரும் கூட இருந்தவர்களும் பழைய கணக்குகள் கொஞ்சம் கூட்டிப் போடப்பட்டவை என்று திருத்தினார்கள், அப்போதும் ஒழுங்குபடுத்திய நேர்காணல்தான் மேலே நின்றது. பயிற்சியிலும் இதனால் ஒரு லாபம் உண்டு. "நீ சரியில்லை, தன்னம்பிக்கை போதாது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை, மூன்றாவது கேள்வியில் உனக்கு ஒரு மார்க்தான், அதை மட்டும் பார் என்று சொல்லிவிடலாம். தன்னம்பிக்கை போதாது என்று கேட்டுவிட்டு எவனுக்காவது தன்னம்பிக்கை வந்திருக்கிறதா?

குரூப் டிஸ்கஷன் பற்றியும் கேட்டார். இப்போது பல நிறுவனங்கள் வைப்பதில்லை. வைத்தால், கத்துகிறவன் பேச்சை நிறுத்தி, பேசாமல் இருக்கும் பையனைப் பெயர் சொல்லி அழைத்தால் போதும்.

செப்டம்பர் 8

ஆன்லைன் சுற்றுகள் ஆரம்பித்துவிட்டன. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே, முகம் கறுப்பாகத் தெரியும். லேப்டாப்பை நாலு தடிப் புத்தகத்தின் மேல் வை, பாட நூலுக்கு அதுவும் ஒரு பயன். கரண்ட் போகும், மொபைல் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். முக்கியமாக உன் கணக்கின் பெயரைப் பார், "தல வெறியன்" என்ற பெயரில் எச்ஆர் சுற்றில் நுழைந்த மாணவன் எங்களுக்கு உண்டு. சிரித்துவிட்டு விட்டார்கள், நல்ல மனிதர்கள்.

ஏஐ வைத்துப் பதில் சொல்வது பற்றி மாணவர்களே வெளிப்படையாகக் கேட்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு மொபைல், அதில் கேள்வி ஓடும், பதில் வரும். எதிரே இருப்பவர் ஒரு நாளைக்குப் பதினைந்து பேரைப் பார்க்கிறவர், கண் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாதா? நிரலை எழுதிக் காட்டியதும் "ஐந்தாவது வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்பார். சுற்றி வளைத்து அதே இரண்டாவது கேள்விக்குத்தான் வருகிறோம். வீட்டில் உட்கார்ந்து அதே ஏஐயிடம் "என் ரெஸ்யூமேயைப் பார்த்துக் கடினமாகக் கேள்வி கேள்" என்று சொல்லிப் பயிற்சி எடு, அதற்கு அது நல்ல ஆள். நடுராத்திரியிலும் அலுக்காது.

செப்டம்பர் 15

முதலில் கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்திருக்கிறார். அக்கா மகன் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான், நாளை மறுநாள் நேரடிச் சுற்று, என்ன செய்ய என்கிறார். முதலில் வாழ்த்து. "ஆங்கிலம்தான் காரணம் என்பதிலிருந்து நான் இன்னும் முழுசாக மாறவில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள், மாற வேண்டாம், பையன் போய்வரட்டும்.

புதிதாக எதையும் படிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ரெஸ்யூமேயில் தாங்காத வரிகளை இன்றைக்கே எடுத்துவிடட்டும். புராஜெக்ட்டை உங்கள் அக்காவிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், அவருக்குப் புரிந்த பிறகு உங்களிடம் ஆங்கிலத்தில். இசிஇ என்பதால் அடிப்படையில் கேட்பார்கள், டயோடு, டிரான்சிஸ்டர், நைக்விஸ்ட், சி மொழியில் பாயின்டர், இவற்றை ஒரு முறை புரட்டினால் போதும். கேள்வி புரியவில்லை என்றால் இன்னொரு முறை கேட்கச் சொல்லலாம், அதற்கு யாரும் மார்க் குறைப்பதில்லை. தெரியாவிட்டால் எது வரைக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டு நிறுத்தட்டும், ஊகத்தில் ஓட வேண்டாம்.

இந்த பேட்சுக்கு மட்டும் வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. "12ஆம் வகுப்பு மார்க் நீ எழுதி வாங்கியதா?" 2021இல் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று சதவீதம் போட்டுக் கொடுத்தார்கள். இதைக் குற்ற உணர்ச்சியோடு சொல்லத் தேவையே இல்லை. அந்த வருடம் மொபைலிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் எப்படிப் படித்தான் என்று இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொன்னால் அதுவே நல்ல பதில். வீட்டில் ஒரே மொபைல் இருந்து தங்கையோடு பங்கு போட்டுப் படித்திருந்தால் அதையும் சொல்லட்டும்.

வெளுத்த சட்டை, தேய்த்த பேன்ட், பழகிய ஷூ. புது ஷூ கடிக்கும். ரெஸ்யூமே நாலு பிரதி, ஒரிஜினல்கள் ஒரு ஃபைலில், கூடவே ஜெராக்ஸ் ஒரு செட். முதல் பஸ்ஸில் கிளம்பட்டும், பெருங்களத்தூரில் எப்போதும் நெரிசல். அப்புறம் ஆதாரில் இனிஷியல் எப்படி இருக்கிறது, மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஒன்றில் வெறும் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக, மூன்றாவதில் பெயருக்குப் பின்னால் என்று இருந்தால் வேலை கிடைத்த பிறகு ஆவணச் சரிபார்ப்பில் இழுத்தடிப்பார்கள். ஆதாரைத் திருத்த இ-சேவை மையத்தில் இப்போதே கொடுத்துவிடுங்கள், சேரும் தேதி வந்த பிறகு ஓடினால் கூட்டத்தில் நிற்க வேண்டியிருக்கும்.